நாற்பத்தேழாம் படகின் பட்டியல்

முதல் தடவை அது விழுந்தபோது காலை பத்தே கால். நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். வெப் சர்வர் என்பது அவ்வப்போது விழுந்து தானே எழுந்துகொள்ளும் ஜீவன் என்பதால், டீயை முடித்துவிட்டுத்தான் நாற்காலியைத் திருப்பினேன். அன்றைக்கு நான் நிதானமாகச் செய்த கடைசிக் காரியம் அந்த டீ.

இடம், ராமேஸ்வரத்தில் படகுத்துறைக்கு எதிரே, படகுக்காரர்கள் சங்கம் ஒன்றின் மாடி அறை. கீழே ஐஸ் உடைக்கிற இயந்திரம். அது ஓடும்போது மேஜை, மானிட்டர், என் பல் எல்லாம் ஒரே தாளத்தில் நடுங்கும். ஊர் உலகத்தில் சர்வரை எங்கோ குளிரூட்டிய கட்டடத்தில் வைத்திருப்பார்கள். எங்கள் சங்கச் செயலாளர் ஒப்புக்கொள்ளவில்லை. "நம்ம படகு எங்கன நிக்குதுன்னு கண்ணால பாக்கணும். பாக்க முடியலன்னா அது நம்ம படகா?" என்று கேட்டார். அதனால் அது அவர் மேஜைக்குப் பக்கத்தில், பழைய வலைகளுக்கும் ஒரு மாதா படத்துக்கும் நடுவில், எட்டு வருஷமாக உப்புக் காற்றைக் குடித்துக்கொண்டு ஓடியது. அதிலிருந்த மென்பொருளும் எட்டு வருஷப் பழசு. புதுப்பிக்கவா என்று அது கேட்கும்போதெல்லாம் வேண்டாம் என்று அமுக்குவது என் வழக்கம். ஓடுகிற எதையும் தொடக்கூடாது என்பதைத் தவிர எனக்கு வேறு தொழில்நுட்பக் கொள்கை கிடையாது.

விஷயம் இதுதான். கச்சத்தீவில் வருஷத்துக்கு ஒரு முறை அந்தோணியார் கோயில் திருவிழா. இரண்டு நாள். இந்தக் கரையிலிருந்து படகில் போவார்கள், இலங்கைக் கரையிலிருந்தும் வருவார்கள். பாஸ்போர்ட், விசா ஒன்றும் வேண்டாம். படகுவாரியாக அடித்துக் கொடுக்கும் பட்டியலில் உங்கள் பெயரும் படமும் இருந்தால் போதும். இல்லாவிட்டால் அந்தோணியாரே சிபாரிசு செய்தாலும் படகுத்துறைத் தடுப்பைத் தாண்ட முடியாது. அந்த வருஷம் எங்கள் சங்கம் வழியாக விண்ணப்பித்தவர்கள் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர். அறுபது படகு. விண்ணப்பத்தை வாங்கிப் படகு பிரித்துப் பட்டியல் அடிக்கிற வெப்சைட் நான் செய்தது. பட்டியல் அன்று மாலை ஐந்து மணிக்குள் மீன்வளத்துறை ஆபீஸில் போய்ச் சேர வேண்டும். 'பட்டியல் எடு' என்ற பொத்தானை அமுக்கினால் சர்வர் செத்துப்போகிறது.

நான் முறையாகப் படித்த கணினிக்காரன் இல்லை. படித்தது தமிழ் இலக்கியம். வேலை கிடைக்காததால் ராமநாதபுரத்தில் கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் வடிவமைக்கும் கடை வைத்தேன். எங்கள் மாவட்டத்தில் ஒருவன் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து பத்து விரலாலும் தட்டினால் அவனால் ராக்கெட்டும் விட முடியும் என்று நம்பிவிடுவார்கள். அந்த நம்பிக்கையைக் கெடுக்க மனமில்லாமல், புத்தகம் பார்த்து நிரல் எழுதக் கற்றுக்கொண்டேன். யாப்பிலக்கணத்தைப் பரீட்சைக்கு முந்தின நாள் படித்த அதே முறையில்தான். இரண்டிலும் தேறினேன். இரண்டும் மனசில் நிற்கவில்லை.

இதெல்லாம் என் கவலை. உண்மையான கவலை எனக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

அவர் படகுத்துறைக்குப் பக்கத்தில் கருவாடு விற்கிற அக்கா. அறுபது வயதைத் தாண்டியவர். அவருடைய ஒரே தங்கையை, சண்டை தொடங்குவதற்கு முன்பு, மன்னார்ப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் அது பக்கத்து ஊருக்குக் கட்டிக்கொடுக்கிற மாதிரிதான். அப்புறம் கடல் அகலமாகிவிட்டது. அக்காளும் தங்கையும் நேரில் பார்த்து முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல். திருவிழாவில் பார்த்துக்கொள்ளலாம் என்றால், இவருக்கு முடிகிற வருஷம் அவருக்கு முடியாது, இருவருக்கும் முடிகிற வருஷம் திருவிழாவுக்குப் படகு போகாது. பாஸ்போர்ட் எடுக்கப் போனதில் பிறந்த தேதிக்குச் சான்று கேட்டார்கள். "புயலடிச்ச வருஷத்துக்கு அடுத்த வருஷம்" என்று அக்கா சொன்ன சான்று அங்கே செல்லவில்லை.

போன வருஷம் எல்லாம் கூடிவந்தது. தங்கை அங்கிருந்து புறப்பட்டுவிட்டார். அக்கா பையோடு படகுத்துறைக்கு வந்தார். பட்டியலில் அவர் பெயர் இல்லை. காரணம், அவர் படம் நான் வைத்திருந்த அளவைவிடப் பெரிய கோப்பு. பெரிய படம் வந்தால் "படத்தைச் சுருக்கி அனுப்பவும்" என்று என் நிரல் சொல்லியிருக்க வேண்டும். ஒன்றும் சொல்லாமல் அந்த விண்ணப்பத்தையே கீழே போட்டுவிட்டது. தீவில் அவர் தங்கை இந்தப் பக்கத்துப் படகு ஒவ்வொன்றாக வந்து ஆட்கள் இறங்குவதை நின்று பார்த்துக்கொண்டே இருந்தாராம். கடைசிப் படகு வரைக்கும்.

இந்த வருஷம் தங்கைக்குச் சிறுநீரகம் பழுது. வாரத்துக்கு இரண்டு முறை இரத்தம் சுத்தம் செய்கிறார்கள். நடுவில் இருக்கிற இரண்டு நாளில் வந்துபோக டாக்டர் அரை மனசாகச் சரி என்றிருக்கிறார். அடுத்த வருஷத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லையாம். அக்காவின் விண்ணப்பச் சீட்டில் நாற்பத்தேழாம் படகு என்று போட்டிருந்தது. அந்தச் சீட்டை அவர் நம்பவில்லை. காலை ஒன்பது மணிக்கே மாடியேறி வந்து, "தாள்ல எம் பேரைப் பாத்துட்டுப் போறேன் தம்பி" என்று உட்கார்ந்துவிட்டார்.

பத்தரை மணிக்குச் சர்வரை மறுபடி கிளப்பிப் பொத்தானை அமுக்கினேன். திரை வெள்ளையானது. பிழைச் செய்தி இல்லை. எத்தனையாவது வரியில் தப்பு என்ற வழக்கமான திட்டுகூட இல்லை. சர்வர் தன் கதையை எழுதி வைக்கிற லாகைத் திறந்து பார்த்தால் ஒரே ஒரு வரி: இன்ன பிராசஸ் வெளியேறியது, செக்மென்டேஷன் ஃபால்ட். தனக்குச் சொந்தமில்லாத நினைவகத்தில் எதுவோ காலை வைத்தது, இயங்குதளம் அதை அடித்துக் கொன்றது என்று அர்த்தம். யார் கால், எந்த இடம், எதற்காக என்பதெல்லாம் கிடையாது. செத்தவர் செத்ததால் செத்தார் என்று எழுதிக் கொடுத்த பிரேதப் பரிசோதனை அறிக்கை.

ஒன்றை மட்டும் ஊகிக்க முடிந்தது. வெப் சர்வர் வாசலில் நின்று வருகிறவர்களை வரவேற்கிற ஆள். அவனுக்குச் சொந்தமாக யோசிக்கத் தெரியாது. நான் எழுதிய நிரலைப் படித்துச் சொல்வதற்கு, ஸ்கிரிப்ட் மொழிக்கான மாட்யூல் ஒன்றை அவன் வயிற்றுக்குள் வைத்திருக்கிறார்கள். அதற்கு நோவு வந்தால் இவன் சாவான். ஆகவே குற்றவாளி மாட்யூல்தான் என்று முடிவு செய்தேன். குற்றவாளி வேறு யாராகவாவது இருக்கும்போது எனக்கு வேலை சுறுசுறுப்பாக ஓடும்.

சர்வரோடு ஒட்டியிருந்த மற்ற மாட்யூல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். படத்தைச் சுருக்குவது, எழுத்தை மாற்றுவது, பக்கத்தை அமுக்கி அனுப்புவது. வீட்டில் திருட்டு நடந்தால் விருந்தாளிகளை ஒவ்வொருவராக ஊருக்கு அனுப்பிவிட்டுப் பார்ப்பது போன்ற முறை. எல்லோரும் போன பிறகும் திருட்டு நின்றபாடில்லை.

"என்ன தம்பி, வந்துருச்சா?" என்றார் அக்கா.

"வந்துக்கிட்டே இருக்குக்கா."

"காலையில இருந்து வந்துக்கிட்டே இருக்கு. நடந்தா வருது?"

இணையத்தில் தேடினேன். உலகத்தில் இதே வரியைப் பார்த்துக் கதறிய ஆட்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அதுவரை நான் தனிமையில் இருந்தேன். இப்போது கூட்டத்தோடு துன்பப்பட்டேன். ஒருவர் சரியாக என் நிலைமையை, என்னைவிடத் தெளிவாக விவரித்திருந்தார். அதே சர்வர், அதே மாட்யூல், அதே வெள்ளைத் திரை. மூச்சைப் பிடித்துக்கொண்டு கீழே போனேன். ஒன்பது வருஷத்துக்கு முன்பு அவரே கடைசியாக எழுதியிருந்தார்: "சரியாகிவிட்டது, நன்றி." எப்படிச் சரியானது என்று எழுதவில்லை. அந்த மனிதர் இன்றைக்கு எங்கேயோ நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டிருப்பார் என்ற எண்ணம் என்னை ரொம்ப நேரம் வாட்டியது.

பதினொன்றரைக்கு அந்தப் பாவத்தைச் செய்தேன். மாட்யூலையே கழற்றிவிட்டுப் புதியதை இறக்கி மாட்டினேன். புதியது, எட்டு வருஷப் பழைய சர்வரைப் பார்த்து, இவனோடு குடித்தனம் நடத்த முடியாது என்று சொல்லிவிட்டது. அதுவரை பொத்தானை அமுக்கினால் விழுந்த சர்வர், இப்போது எழவே இல்லை. பழைய மாட்யூலை எங்கே எடுத்து வைத்தேன் என்று தேடியபோதுதான், எடுத்தே வைக்கவில்லை என்று நினைவு வந்தது.

இரண்டாயிரம் பேர். அறுபது படகு. பின்னால் ஒரு நாற்காலி.

ராமநாதபுரம் கடையிலிருந்த மனைவிக்குப் போன் செய்து, மரப்பெட்டியின் அடியில் இருக்கும் பழைய டிஸ்க்கை எடுத்து, அதிலிருக்கும் பழைய மாட்யூலைக் கணினியில் போட்டு அனுப்பச் சொன்னேன். அவள் கேட்டது ஒரே கேள்விதான்: "எந்தப் பெட்டி? பேரு எழுதாம வச்சிருக்கீங்களே பதினேழு டிஸ்க்கு, அந்தப் பெட்டியா?" பதினோராவது டிஸ்க்கில் அது இருந்தது. சர்வர் மறுபடி எழுந்து நின்றபோது மணி ஒன்று நாற்பது. அதாவது, மூன்றரை மணி நேரம் உயிரைக் கொடுத்துப் போராடி, காலை பத்தே கால் நிலைமைக்கு வெற்றிகரமாக வந்து சேர்ந்திருந்தேன்.

அப்போது செயலாளர் வந்தார். இரண்டு விசைப்படகின் சொந்தக்காரர், நாற்பது வருஷம் கடலுக்குப் போனவர், சத்தமாகப் பேசாவிட்டால் காற்று எடுத்துக்கொண்டு போய்விடும் என்று நம்புகிறவர்.

"பட்டியல் எங்க?"

"அண்ணே, மாட்யூல் க்ராஷ் ஆகுது. வெப் சர்வர்..."

"அதை எங்கிட்ட இங்கிலீஷ்ல சொல்லாத. ஓடுமா ஓடாதா?"

"பாத்துக்கிட்டு இருக்கேன்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். நாற்பது வருஷம் வானத்தைப் பார்த்துப் பழகிய கண். கீழே போய் எட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு வந்து, தரையில் உட்கார வைத்து, விண்ணப்பக் கட்டுகளைப் பிரித்துக் கொடுத்தார். "ஒண்ணாம் நம்பர் படகுல இருந்து எழுதுங்க. கோடு போட்டு, பேரு, தகப்பன் பேரு, கார்டு நம்பர், படத்தை ஒட்டணும். எந்தப் படகு வரைக்கும் முடியுதோ அதுவரைக்கும் கொண்டுபோய்க் கெஞ்சிப் பாப்போம்."

அக்கா அவரைப் பார்த்துக் கேட்டார். "மேல இருந்து எழுதுறீங்களே, நாப்பத்தேழு எப்ப வரும்?"

ஒருவர் பசை டப்பாவைத் திறந்தார்.

"கடைசியில இருந்து எழுதுனா அந்தோணியார் கோவிச்சுக்குவாரா?"

"ஏத்தா, ஒண்ணாம் நம்பர்ல எம் பொண்டாட்டி இருக்கா. நீ அவகிட்ட வந்து சொல்லு" என்றார் செயலாளர்.

எட்டுப் பேர் எழுதிய வேகத்தை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டே முக்காலுக்கு நான்காம் படகு. மீன் பிடிக்கிற விரல்கள், பேனாவைக் கயிறு மாதிரி பிடித்திருந்தன. ஐந்து மணிக்குள் பத்துப் படகு தாண்டினால் அதிசயம். அக்காவும் அதே கணக்கைப் போட்டிருப்பார் போலிருக்கிறது. அவர் என்னைக் கேலி செய்வதை நிறுத்திவிட்டார். அதுதான் எனக்கு மிகவும் பயமாக இருந்தது. கைப்பையிலிருந்து போனை எடுத்துப் பார்ப்பதும் உள்ளே வைப்பதுமாக இருந்தார். மறுநாள் திருவிழா. தங்கை முந்தின நாளே யாழ்ப்பாணம் வந்து, அங்கேயே இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு, யாரோ வீட்டில் தங்கியிருந்தார்.

நான் செய்வதற்கு ஒன்றும் மீதியில்லை. மனிதன் செய்வதற்கு ஒன்றும் இல்லாதபோது செய்கிறதைச் செய்தேன். அதே பொத்தானை மறுபடி மறுபடி அமுக்கினேன். ஒவ்வொரு தடவையும் வெள்ளைத் திரை. லாகில் அதே வரி, நேரம் மட்டும் வேறு.

செயலாளர் பின்னால் வந்து நின்று இரண்டு தடவை அதைப் பார்த்தார்.

"என்னப்பா செஞ்ச இவ்வளவு நேரம்?"

"மாட்யூலை எல்லாம் கழட்டிப் பாத்தேன். மாத்திப் பாத்தேன்."

"படகு கரையில நிக்கிறப்ப நல்லா நிக்குதா?"

"நிக்குது. வெப்சைட்டு தொறக்குது. பட்டியல் கேட்டாத்தான் விழுகுது."

"ஆளை ஏத்துனாத்தான் கவுறுதுங்குற."

"ஆமா."

"பிறகு எதுக்குய்யா எஞ்சினைக் கழட்டுன? ஆளை இறக்கிப் பாக்க வேண்டியதுதானே. பாதி ஆளை இறக்கு. மெதக்குதா பாரு. எவன் ஏறுனா சாயுதுன்னு தெரிஞ்சுட்டுப் போகுது."

ஐந்து மணி நேரத்தில் எனக்குத் தோன்றாத யோசனை. பட்டியல் கேட்டால் மட்டும் விழுகிறது என்றால் பட்டியலில் இருக்கிறவர்களைச் சந்தேகப்பட வேண்டும். நான் அவர்களைத் தவிர மற்ற எல்லோரையும் சந்தேகப்பட்டிருந்தேன்.

முதல் முப்பது படகை மட்டும் கொடுத்துப் பொத்தானை அமுக்கினேன். விழுந்தது. மகிழ்ச்சி. குற்றவாளி இதற்குள். சரிபார்ப்பதற்காக அடுத்த முப்பதைக் கொடுத்தேன். அதுவும் விழுந்தது. மகிழ்ச்சி போய்விட்டது. பதினைந்து பதினைந்தாகக் கொடுத்தேன். நான்கும் விழுந்தன. "எல்லாருமே கெட்ட ஆளுகதான் போல" என்றார் பசை தடவிக்கொண்டிருந்தவர். ஒவ்வொரு படகாகக் கொடுத்தபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. மூன்றாம் படகு மிதந்தது! முப்பத்து நான்கு பேரும் படத்தோடு திரையில் வந்து நின்றார்கள். நான்காவது விழுந்தது. ஐந்தாவது மிதந்தது. ஆறாவது விழுந்தது.

"நாப்பத்தேழு?" என்றார் அக்கா.

விழுந்தது. நான் திரையை உடம்பால் மறைத்துக்கொண்டேன்.

அந்தப் படகையே எடுத்துக்கொண்டேன். முப்பத்தைந்து பேர். பாதி இறக்கினேன், விழுந்தது. மறுபாதி மிதந்தது. விழுந்த பாதியில் பாதி. அதில் பாதி. கடைசியில் படகில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். ஒருவர் நாற்பது வயது மீனவர், இன்னொருவர் அவருடைய பதினெட்டு வயது மகன். அப்பாவை மட்டும் ஏற்றினால் மிதக்கிறது. மகனை மட்டும் ஏற்றினாலும் மிதக்கிறது. இரண்டு பேரும் சேர்ந்து ஏறினால் சர்வர் கவிழ்கிறது.

மணி மூன்று ஐம்பது. நான் அந்த இரண்டு முகங்களையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர்களும் என்னைப் பார்த்தார்கள். படம் எடுத்த கடையில் கொடுத்த அதே நீலச் சட்டையை இருவரும் போட்டிருந்தார்கள். பெயரைப் படித்தேன். அப்பாவின் பெயர், அவருடைய தகப்பன் பெயர். மகனின் பெயர், அவனுடைய தகப்பன் பெயர். மகனின் தகப்பன் பெயர் அப்பாவுடையதே என்றாலும் மொத்தம் மூன்று பெயராவது இருக்க வேண்டும். இரண்டே பெயர்தான் இருந்தது. மகனுக்குத் தாத்தாவின் பெயர்.

"அண்ணே, இவுக ரெண்டு பேரையும் தெரியுமா? இவரோட அப்பா?"

செயலாளர் எட்டிப் பார்த்தார். "நம்ம ஆளுதான். அவரு செத்து இருபது வருஷம் இருக்கும். அதான் இவனுக்கு அவரு பேரு. பேரனுக்குத் தாத்தா பேரை வைக்காம யாரு பேரை வைப்பாக? ஏன், அதுல என்ன?"

அதில் என்ன என்பது எனக்கு அப்போதுதான், தலையில் தண்ணீர் ஊற்றினாற்போலத் தெரிந்தது.

போன வருஷம் திருவிழாவில் புருஷன் ஒரு படகிலும் பெண்டாட்டி இன்னொரு படகிலும் போய், சோற்றுப் பாத்திரம் மூன்றாவது படகில் போய்ப் பெரிய ரகளை. இந்த வருஷம் குடும்பத்தை ஒரே படகில் போட வேண்டும் என்றார் செயலாளர். அதற்காகப் போன வாரம் நான் நிரலில் நான்கு வரி சேர்த்திருந்தேன். ஒவ்வொருவரையும் பார்த்து, இவருடைய தகப்பன், கல்யாணமான பெண்ணானால் புருஷன், பட்டியலில் இருக்கிறாரா என்று பெயரை வைத்துத் தேடும். இருந்தால் அவரிடம் போய், உன் தகப்பன் இருக்கிறாரா என்று கேட்கும். இப்படியே மேலே மேலே ஏறி, குடும்பத்தின் மூத்த ஆளைக் கண்டுபிடித்து, எல்லோரையும் அவர் படகில் போடும். நான் பெருமைப்பட்ட நான்கு வரி.

அது மகனிடம் போய்த் தகப்பன் பெயரைக் கேட்டது. தகப்பனிடம் போனது. அவருடைய தகப்பன் பெயரைக் கேட்டது. அந்தப் பெயரில் செத்துப்போன தாத்தாவைத் தேடியது. பட்டியலில் அந்தப் பெயரில் இருந்தது பேரன். அவனே தாத்தா என்று நினைத்து, அவனிடம் போய்த் தகப்பன் பெயரைக் கேட்டது. தகப்பனிடம் போனது. போன ஒவ்வொரு நடையையும் திரும்பி வருவதற்காக நினைவகத்தில் குறித்து அடுக்கிக்கொண்டே போனது. ஒரு நொடிக்குள் இலட்சம் தலைமுறை ஏறியிருக்கும். ஆதாம் வரைக்கும் போய் அதற்கு மேலும் போயிருக்கும். அடுக்கு இடம் கொள்ளாமல் சரிந்து, மாட்யூல் செத்து, சர்வர் செத்தது. ஒரு பாவமும் அறியாத அந்த மாட்யூலைத்தான் நான் காலையிலிருந்து கழற்றி அடித்துக்கொண்டிருந்தேன்.

இந்தக் கடற்கரையில் மூத்த பையனுக்குத் தாத்தா பெயர் வைக்காத வீடு எங்கே இருக்கிறது? இந்து வீட்டில், கிறிஸ்தவ வீட்டில், கீழக்கரை முஸ்லிம் வீட்டில், எங்கும் அதே கதைதான். எனக்கே என் தாத்தாவின் பெயர். அந்த நான்கு வரியை நான் சோதித்துப் பார்க்காமலும் இல்லை. என் குடும்பத்தையே போட்டுப் பார்த்தேன்: நான், மனைவி, இரண்டு மகள்கள். அழகாக ஓடியது. அய்யாவின், அதாவது என் அப்பாவின், பெயரையும் சேர்த்திருந்தால் அன்றைக்கே கவிழ்ந்திருக்கும். கடலாடி ஊரைத் தாண்டி எங்கும் போகாத மனிதர், அவர் எங்கே படகேறப் போகிறார் என்று விட்டுவிட்டேன்.

"அண்ணே, கண்டுபிடிச்சுட்டேன்."

"என்ன?"

"நான்தான்."

"அது எனக்குக் காலையிலயே தெரியும்" என்றார் செயலாளர். "சரி பண்ணு."

அவசரத்தில் மூன்று தடவை தப்பாக அடித்தேன். எழுத வேண்டியது ஒரே ஒரு வரி: ஒரு தடவை கேட்ட ஆளிடம் மறுபடி கேட்காதே, அவரோடு நிறுத்திக்கொள். மனிதர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டு பேரை ஏற்றினேன். மிதந்தார்கள். நாற்பத்தேழாம் படகை ஏற்றினேன். மிதந்தது. அறுபதையும் ஏற்றினேன். திரை வெள்ளையாகவே இருந்தது. ஐஸ் இயந்திரம் நின்றிருந்ததால் அறையில் சத்தமில்லை. தரையில் இருந்த எட்டுப் பேரும் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். பதினொன்று வரைக்கும் எண்ணினேன். பட்டியல் வந்தது.

நாலு மணி இருபது நிமிஷம். பிரிண்டர் ஒவ்வொரு தாளாகத் துப்ப ஆரம்பித்தது. அக்கா அதன் பக்கத்தில் போய் நின்றுகொண்டு ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்தார். "நாப்பத்தேழு இன்னும் வரலக்கா, வரிசையாத்தான் வரும்" என்றேன். அவர் என் பேச்சை நம்பும் நிலையில் இல்லை. நாற்பத்தேழு வந்தபோது எடுத்து, விரலை வைத்து மேலிருந்து கீழே இறங்கினார். இருபத்தொன்பதாவது வரியில் விரல் நின்றது. படத்தைப் பார்த்தார். பெயரைப் பார்த்தார். கார்டு நம்பரைக் கையிலிருந்த கார்டோடு ஒவ்வொரு எண்ணாக ஒத்துப்பார்த்தார்.

"இது போதுமா? இதைக் காட்டுனா ஏத்திருவாகளா?"

"ஏத்திருவாகக்கா."

"போன வருஷமும் நீ இப்படித்தான் சொன்ன."

செயலாளர் அவர் கையிலிருந்த தாளை மெதுவாக உருவி, கட்டோடு சேர்த்து, மோட்டார் சைக்கிளில் ஆபீஸுக்குப் பறந்தார். ஐந்து அடிக்க எட்டு நிமிஷம் இருக்கும்போது போன் வந்தது. "வாங்கிட்டாக" என்றார். அக்கா அதற்கு அப்புறம்தான் நாற்காலியைத் தூக்கிச் சுவரோரம் வைத்துவிட்டுப் படியிறங்கினார்.

திருவிழா அன்று நான் படகுத்துறைக்குப் போகவில்லை. போகிற தைரியம் இல்லை. தடுப்பில் யாராவது ஒருவர் பெயர் இல்லாமல் திரும்புவதை நான் பார்த்துவிட்டால் என்ன செய்வது? கடையைத் திறந்து வைத்து, ஒரு கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரை நான்கு தடவை சரிபார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்று காற்று கொஞ்சம் பலமாக இருந்தது. படகுகள் எல்லாம் போய்ச் சேர்ந்தன என்று செயலாளர் செய்தி அனுப்பினார். நாற்பத்தேழு பற்றித் தனியாகக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

நான்கு நாள் கழித்து ராமேஸ்வரம் போனபோது அக்காவை அவர் கடையில் பார்த்தேன். நெத்திலியைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"பாத்தீங்களாக்கா?"

"பாத்தேன்."

"என்ன பேசுனீங்க?"

"பேச்சா? சண்டைதான். கொடியேத்துறதுல இருந்து தேர் சுத்தி வாரவரைக்கும் சண்டை. பக்கத்துல இருந்தவுக எல்லாம் பாயை எடுத்துக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டாக."

"எதுக்கு?"

அவர் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார். "எங்க அம்மா சாவுக்கு அவ வரல. கடல்ல அன்னைக்கு ஒரு வள்ளம் போகல, எப்படி வருவா? எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் முகத்தைப் பாத்ததும் அதான் தம்பி வாயில வந்துச்சு. ஏன்டி வரலன்னு கேட்டுட்டேன். இத்தனை வருஷம் போன்ல ஒரு நாளும் கேட்டதில்ல. போன்ல எப்படிக் கேக்குறது?"

"அவுக என்ன சொன்னாக?"

"எம் மகன் குண்டு விழுந்து செல்லடியில போனப்ப நீ வந்தியான்னா."

ஒரு ஆள் வந்து நெத்திலி கேட்டார். நிறுத்துக் கொடுத்தார்.

"அப்புறம் ரெண்டு பேரும் அழுதோம். பிறகு பசிச்சிருச்சு. கட்டிக்கிட்டுப் போன சோத்தைப் பிரிச்சேன். அவ தண்ணியே குடிக்கக்கூடாதாம், அளந்து குடிக்கணுமாம். ஒரு மூடி குடிச்சா. காலு ரெண்டும் வீங்கிக் கெடக்கு. நான் மடியில தூக்கி வச்சுக்கிட்டேன். விடியவிடிய வச்சிருந்தேன்."

நெத்திலியில் கிடந்த ஒரு பொடி நண்டை எடுத்து எறிந்தார்.

"அடுத்த வருஷம் அவ வரமாட்டா. அவளும் சொல்லல, நானும் கேக்கல. அவ மக வாரேன்னு சொல்லியிருக்கு. பெரியம்மா வந்தா நானும் வாரேன்னுச்சு. எம் பேரை இப்பவே எழுதி வச்சிரு."

விண்ணப்பம் வாங்க இன்னும் பத்து மாதத்துக்கு மேல் இருக்கிறது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தேன். தாள் இல்லை. கருவாடு மடிக்கிற செய்தித்தாளில் ஒரு துண்டைக் கிழித்துக் கொடுத்தார். பெயர், கார்டு நம்பர், எல்லாம் அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். படம் ஒன்று கேட்டேன்.

"சின்னதா ஒண்ணு எடுத்துத் தாரேன்" என்றார். "ஒன் மிஷினு கொள்ளுற அளவுல."